இரண்டு கோப்பை, ஒரு வித்தியாசம்: வீட்டிலேயே தேநீர் ருசி பழகுவது

மல்லிகை மணம், தேன் இனிப்பு, ஈரமண் வாசனை என்றெல்லாம் தேயிலை டப்பாக்களில் எழுதியிருப்பார்கள். வாங்கி வந்து போட்டுக் குடித்தால் டீ வாசனைதான் வரும். நம் நாக்கு அவ்வளவுதான் என்று அத்தோடு விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நாக்கின் மேல் பழி போட வேண்டாம். ஒரே ஒரு கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ருசியைப் பிடிக்கப் பார்ப்பதில்தான் சிக்கல். தனியாகக் குடித்தால் எந்த டீயும் டீ மாதிரிதான் இருக்கும். பக்கத்தில் இன்னொன்றை வைத்து இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் என்று மாற்றி மாற்றிக் குடித்தால், இதில் இருக்கிற ஏதோ ஒன்று அதில் இல்லை என்பது யாருக்கும் தட்டுப்படும். முதல் நாளே தட்டுப்படும். அதற்குப் பெயர் வைப்பதெல்லாம் அப்புறம்.

எந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று தெரிய வேண்டுமானால், தேநீரில் வித்தியாசங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் ஒரே செடிதான்

கிரீன் டீ, பிளாக் டீ, ஊலாங், வெள்ளைத் தேயிலை, பூ-அர் என்று எத்தனை பெயர் சொன்னாலும் எல்லாம் கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைதான். அந்தச் செடியில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. சின்ன இலை கொண்ட சீன வகை குளிரைத் தாங்கி மலைச்சரிவுகளில் மெதுவாக வளரும். பெரிய இலை கொண்ட அஸ்ஸாம் வகை மழையும் வெப்பமும் மிகுந்த இடங்களில் தளதளவென்று வளரும். சாறு கெட்டியாக இறங்கும். கெமோமில், செம்பருத்தி, புதினா, ரூயிபாஸ் போன்றவற்றையும் டீ என்றே விற்கிறார்கள். குடிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அவற்றில் தேயிலை கிடையாது. இங்கே அவற்றை விட்டுவிடுவோம்.

செடி ஒன்றே என்றால் ஒரு டீ பச்சையாகவும் இன்னொன்று செம்பழுப்பாகவும் இருப்பது எப்படி? பறித்த பிறகு இலையை என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. பசும் இலைக்குள் கேட்டச்சின் எனப்படும் துவர்ப்புப் பொருள்களும், அவற்றை மாற்றக்கூடிய ஒரு நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. இலையை உருட்டிக் கசக்கியதும் அறைச்சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பாகிறதே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. கேட்டச்சின்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்ற வேறு பொருள்களாக மாறுகின்றன. தியாஃப்ளேவின் டீக்குப் பொன் பளபளப்பையும், நாக்கைச் சுண்டுகிற சுறுசுறுப்பையும் தருகிறது. தியாரூபிஜின் செம்பழுப்பு நிறத்தையும் வாயில் தெரிகிற கனத்தையும் தருகிறது.

இந்த மாற்றத்தை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதுதான் டீயின் வகையைத் தீர்மானிக்கிறது. பறித்த கையோடு இலையைச் சூடாக்கி நொதியைச் செயலிழக்கச் செய்துவிட்டால் கிரீன் டீ. அதிலும் ஜப்பானில் பெரும்பாலும் ஆவியில் காட்டுகிறார்கள்; அதனால் நிறம் கரும்பச்சையாக நிற்கிறது, வாசனை கீரையையும் கடற்பாசியையும் ஒட்டி வருகிறது. சீனாவில் பெரும்பாலும் சூடான இரும்புச் சட்டியில் வறட்டுகிறார்கள். ஹாங்சோ பக்கத்து லாங்ஜிங் தேயிலையில் வறுத்த கொட்டை வாசனை வருவது அந்தச் சட்டியால்தான். கடைசி வரை மாற விட்டு உலர்த்தினால் பிளாக் டீ. வெள்ளைத் தேயிலையில் உருட்டலும் கிடையாது, வறட்டலும் கிடையாது: இலையைப் பரப்பி நிதானமாக வாட்டி உலர்த்துவதோடு சரி. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஃபூடிங், செங்ஹெ பகுதிகளில் வெறும் மொட்டுகளை மட்டும் கிள்ளிச் செய்கிற வெள்ளி ஊசி வகை இதில் பேர்பெற்றது. மொட்டின் மேலிருக்கும் மென்ரோமம் கோப்பையில் மிதப்பதைப் பார்த்துத் தூசு என்று நினைத்துவிட வேண்டாம்.

ஊலாங் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. நடு என்றாலும் ஒரு புள்ளி இல்லை, நீளமான ஒரு தெரு. லேசாக மாறிய டியே குவான்யின் பச்சை நிறமும் பூ வாசனையுமாகக் கிரீன் டீக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும். நன்றாக மாறி நெருப்பில் வாட்டப்பட்ட ஊயி மலை ஊலாங் பிளாக் டீயின் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். தைவானில் 'ஓரியண்டல் பியூட்டி' என்று ஓர் ஊலாங் உண்டு. இலைத்தத்துப்பூச்சி கடித்த இலைகளில்தான் அதைச் செய்கிறார்கள். பூச்சி கடித்ததும் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில மணப்பொருள்களைச் சுரக்கிறது. கோப்பையில் அதுவே தேனும் பழமுமாக மணக்கிறது. பூச்சிக்கொல்லி அடித்தால் அந்த டீயே கிடையாது!

பூ-அர் கதை வேறு. சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பெரிய இலைகளை நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். பழைய முறையில் அது ஆண்டுக்கணக்கில் தானாக முதிரும். ஈரப்படுத்திக் குவித்துச் சில வாரங்களிலேயே முதிரச் செய்யும் முறை 1970களில் குன்மிங் தொழிற்சாலையில் உருவானது. ஈரமண், பழைய மரம் என்று டப்பாவில் எழுதியிருந்தால் அது மிகைப்பேச்சு இல்லை, அப்படியேதான் மணக்கும். பிடிக்கிறவர்களுக்கு உயிர், முதல் வாயிலேயே முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. மஞ்சள் தேயிலை என்று இன்னொரு வகையும் இருக்கிறது, கிடைப்பது அரிது. கிடைத்தால் குடித்துப் பாருங்கள்.

இன்னொரு வித்தியாசம் இலையின் அளவில் இருக்கிறது. பிளாக் டீயை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். இலையை முழுசாக உருட்டி முறுக்குவது ஆர்த்தடாக்ஸ் முறை. நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சின்னக் குருணையாக்குவது சி.டி.சி. முறை. குருணைக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் தண்ணீரில் விழுந்ததுமே நிறமும் துவர்ப்பும் திமுதிமுவென்று இறங்கிவிடும். பாலும் சர்க்கரையும் போட்டாலும் டீயின் குரல் அடங்காமல் இருப்பது அதனால்தான். ஆர்த்தடாக்ஸ் இலை மெதுவாக அவிழும். நிறம் குறைவு, வாசனை அதிகம். டப்பாவில் 'ஆரஞ்சு பீக்கோ', 'ஃபேனிங்ஸ்', 'டஸ்ட்' என்று போட்டிருப்பவை இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்லும் தரப்பெயர்கள். ருசிக்கு அவற்றில் உத்தரவாதம் ஏதும் இல்லை. ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

முதல் ஜோடி: ஒரே இலை, இரண்டு சூடு

எதில் தொடங்குவது? புதிதாக எதுவும் வாங்காமல், கையில் இருக்கிற ஒரு கிரீன் டீயிலிருந்து தொடங்கலாம் என்பேன். இலையாக இருந்தால் நல்லது. கிரீன் டீ பிடிக்காது என்கிற பலர் உண்மையில் கிரீன் டீயைக் குடித்ததே இல்லை. கொதிநீரில் வெந்துபோன ஒன்றைத்தான் குடித்திருக்கிறார்கள்.

ஒரே மாதிரி இரண்டு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உட்புறம் வெள்ளையாக இருந்தால் நிறம் தெளிவாகத் தெரியும். இரண்டிலும் 2 கிராம் இலை, 100 மில்லி தண்ணீர். சமையலறைத் தராசு இருந்தால் நிறுத்துப் போடுவது நல்லது, ஏனென்றால் கரண்டிக் கணக்கு இங்கே ஏமாற்றும். ஒரு தேக்கரண்டி சி.டி.சி. தூள் 2 கிராமைத் தாண்டிவிடும். அதே கரண்டியில் நீள இலை 1 கிராம் நின்றால் பெரிது. ஒரு கோப்பையில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். இன்னொன்றுக்கு 70 டிகிரித் தண்ணீர் வேண்டும். வெப்பமானி இல்லையென்றால், கொதித்த நீரை ஒரு வெறும் கோப்பையிலிருந்து இன்னொரு வெறும் கோப்பைக்கு மாற்றுங்கள். ஒரு முறை மாற்றினால் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். மூன்று முறை மாற்றினால் நமக்கு வேண்டிய சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இரண்டையும் 2 நிமிடம் மூடி வைத்து, வேறு கோப்பைகளில் வடித்துவிடுங்கள்.

உடனே குடிக்காதீர்கள். ஒன்று அதிகச் சூடாகவும் மற்றது குறைந்த சூடாகவும் இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது சூட்டைத்தான். இரண்டும் ஒரே வெதுவெதுப்புக்கு வரட்டும். அதற்குள் நிறத்தைப் பாருங்கள். கொதிநீர் ஊற்றியது மஞ்சள் ஓடிக் கொஞ்சம் மங்கியிருக்கும், மற்றது வெளுத்த இளம்பச்சையாக இருக்கும். முகர்ந்தால் முதலாவதில் வேகவைத்த கீரை வாசனை, இரண்டாவதில் அப்போதுதான் வெட்டிய புல். பிறகு குடியுங்கள். கொதிநீர்க் கோப்பை நாக்கின் பின்பக்கம் கசக்கும். ஈறும் கன்னத்தின் உட்புறமும் சொரசொரவென்று இழுத்துக்கொள்ளும். மற்றதில் அந்த இழுப்பு குறைவு. அதற்குப் பதில் சூப் மாதிரி வாயை நிரப்புகிற ஒரு சுவை, விழுங்கிய பிறகு தொண்டையில் ஓர் இனிப்பு. இரண்டும் ஒரே பொட்டலத்து இலை.

தேநீரின் இனிப்புக்கும் அந்த சூப் சுவைக்கும் காரணம் தியனின் முதலான அமினோ அமிலங்கள். அவை குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். துவர்ப்பைத் தரும் கேட்டச்சினும் கசப்பில் பங்குள்ள கஃபீனும் சூடு ஏற ஏற அதிகமாக இறங்கும். கொதிநீர் எல்லாவற்றையும் ஒரேயடியாக வாரிக்கொண்டு வருகிறது, மென்மையானவை அடியில் போய்விடுகின்றன. ஜப்பானியர் கியோகுரோ, மாச்சா போன்ற கிரீன் டீக்களுக்கான செடிகளைப் பறிப்பதற்கு முன்பு சுமார் 3 வாரம் நிழல்போட்டு மூடி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வெயில் பட்டால் இலையிலுள்ள தியனின் கேட்டச்சினாக மாறிப்போகும். நிழலில் தியனினாகவே தங்கும். கியோகுரோவை 50, 60 டிகிரி நீரிலேயே ஊறவைக்கிறார்கள். அந்த சூப் சுவைக்கு உமாமி என்று பெயர். 1908இல் கிக்குனாயே இக்கேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றிலிருந்து அதன் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தார்.

மற்ற வகைகளுக்குத் தோராயமான கணக்கு இது: சீனக் கிரீன் டீக்கு 75 முதல் 85 டிகிரி, வெள்ளைக்கு 80 முதல் 90, ஊலாங்குக்கு 90 முதல் 95, பிளாக் டீக்கும் பூ-அருக்கும் கொதிநீரே. இவை தொடங்கும் இடம் மட்டும்தான். கசந்தால் சூட்டையோ நேரத்தையோ குறையுங்கள், சப்பென்று இருந்தால் இலையைக் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது நல்ல வழி இல்லை, துவர்ப்புதான் ஏறும்.

ஒப்பிடுவதற்கென்றே உலகம் முழுக்க ஒரு விதி இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 3103 என்று. 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிநீர், 6 நிமிடம் என்கிறது அது. இதே விஷயத்துக்காகப் பிரிட்டிஷ் தர நிறுவனம் ஆறு பக்கத்தில் ஒரு விதிமுறை வெளியிட்டிருந்தது. அதற்காக 1999இல் அந்த நிறுவனத்துக்கு இக்நோபல் என்ற கிண்டல் பரிசும் கிடைத்தது. 6 நிமிடம் ஊறிய டீ குடிக்கச் சுகமாக இருக்காது. இலையிலிருக்கும் குறையும் நிறையும் ஒளிய இடமில்லாமல் வெளியே வர வேண்டும், எந்த ஊரில் யார் போட்டாலும் ஒரே மாதிரி வர வேண்டும், அதுதான் அதன் நோக்கம். வீட்டில் நாம் 3 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இரண்டு கோப்பைக்கும் ஒரே அளவு, ஒரே நேரம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உறிஞ்சிக் குடிப்பது

தொழில்முறைச் சுவைஞர்கள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான டீக்களைக் கரண்டியால் எடுத்து 'சர்ர்' என்று உறிஞ்சித் துப்பிவிட்டு நகர்வார்கள். நாகரிகம் பார்க்காமல் வீட்டிலும் அப்படியே உறிஞ்சலாம். காற்றோடு சேர்த்து இழுக்கும்போது டீ பொடிப்பொடித் துளிகளாகச் சிதறி வாய் முழுக்கப் படுகிறது. அதைவிட முக்கியமாக, அதன் ஆவி தொண்டை வழியாக மேலேறி மூக்கின் பின்பக்கத்துக்குப் போகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனை, அதை அறிவது மூக்குதான். சந்தேகமாக இருந்தால் மூக்கை விரல்களால் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். கசப்பும் துவர்ப்பும் மட்டும்தான் தெரியும். வாயில் இருக்கும்போதே விரலை எடுங்கள், மல்லிகையோ வறுவலோ திடீரென்று வந்து நிற்கும். சளி பிடித்திருக்கிற நாளில் விலை உயர்ந்த டீயைத் திறக்காதீர்கள்.

துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணிப் பழகியவர்கள் நாம். உடலியல்படி பார்த்தால் அது பெரும்பாலும் தொடு உணர்ச்சி. தேநீரின் பாலிஃபினால்கள், அதாவது கேட்டச்சினும் அதிலிருந்து உருவானவையும், எச்சிலில் வழவழப்பைத் தரும் புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்துவிடுகின்றன. வழவழப்பு போனதும் நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசுகின்றன, அதைத்தான் உணர்கிறோம். அதனால் துவர்ப்பைக் கவனிக்க வேண்டிய இடம் நாக்கு மட்டும் இல்லை. விழுங்கியதும் நாக்கை மேலண்ணத்தில் தடவிப் பாருங்கள். மெல்லிய துவர்ப்பு பட்டுபோல இழுத்துவிட்டு உடனே எச்சிலை ஊறவைக்கும். முரட்டுத் துவர்ப்பு ஒட்டிக்கொண்டு போகாமல் நிற்கும். நல்ல பிளாக் டீயில் துவர்ப்பு இருக்கத்தான் செய்யும், துவர்ப்பே இல்லாத பிளாக் டீ மந்தமாக இருக்கும்.

கவனிக்க மூன்று நேரங்கள் உண்டு. வடித்த இலையைச் சூடாக இருக்கும்போதே முகர்வது ஒன்று. புதிதாகப் பழகுகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள், ஆனால் கோப்பையைவிட ஈர இலையில்தான் வாசனை உரக்கப் பேசும். இரண்டாவது, வாயில் இருக்கும்போது. மூன்றாவது, விழுங்கி அரை நிமிடம் கழித்து. ஊலாங்கிலும் பூ-அரிலும் பாதி சுகம் அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

சூடு ஆறக் காத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதி. பொறுக்க முடியாத சூட்டில் நாக்குக்கு வலி தெரியும், சுவை தெரியாது. உடம்புக்கும் அது ஆகாது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. டீயின் மேல் குற்றமில்லை, சூட்டின் மேல்தான். ஆறும்போது டீ மாறுவதையும் கவனிக்கலாம். சூட்டில் மறைந்திருந்த புளிப்போ இனிப்போ 45, 50 டிகிரியில் வெளியே வரும். கெட்டியான பிளாக் டீ நன்றாக ஆறியதும் சில நேரம் கலங்கி மேகம் போட்டுக்கொள்ளும். கெட்டுப்போகவில்லை, கஃபீனும் பாலிஃபினால்களும் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன, அவ்வளவுதான். சாறு வளமாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

வார்த்தைகளுக்கு அலைய வேண்டாம். முதலில் பெரிய பிரிவைப் பிடியுங்கள்: பூவா, பழமா, புல்லா, கொட்டையா, புகையா, மண்ணா? பழம் என்று பட்டால், பச்சையா, பழுத்ததா, உலர்ந்ததா? இரண்டு கேள்வி போதும். டப்பாவில் எழுதியிருப்பதைக் குடிப்பதற்கு முன் படிக்காமல் இருப்பது நல்லது. படித்துவிட்டால் மூளை அந்த வாசனையைத் தேடிக் கண்டுபிடித்தும் தந்துவிடும், அது டீயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இன்னும் சில ஜோடிகள்

சூட்டு ஒப்பீடு பிடிபட்டதும் மற்றவற்றுக்குப் போகலாம். ஆவியில் காட்டிய கிரீன் டீயும் சட்டியில் வறட்டிய கிரீன் டீயும் ஒரு ஜோடி. ஒரே தோட்டத்து அல்லது ஒரே பகுதிச் சி.டி.சி.யும் ஆர்த்தடாக்ஸும் ஒரு ஜோடி, இயந்திரம் இலைக்கு என்ன செய்கிறது என்று நேராகத் தெரியும். இலங்கைத் தேயிலை கிடைத்தால் உயரத்தை ஒப்பிடலாம்: நுவரெலியா டீ வெளுத்துக் கூர்மையாக இருக்கும், தாழ்நிலத்து ருஹுணை டீ கறுத்துக் கனமாக இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி டார்ஜிலிங்கின் இரண்டு பருவங்கள். குளிர்காலத் தூக்கம் கலைந்த செடியில் மார்ச், ஏப்ரலில் முதல் கொழுந்து பறிக்கிறார்கள். மே, ஜூனில் இரண்டாவது. ஒரே மலை, ஒரே செடி. முதல் பருவ டீயைப் பிளாக் டீ என்று விற்றாலும் இலையில் பச்சை கலந்தே இருக்கும். அதை அதிக நேரம் வாட்டி ஈரத்தை வெகுவாகக் குறைத்துவிடுவதால் ஆக்சிஜனேற்றம் பாதி வழியில் நின்றுபோகிறது. கோப்பையில் வெளிறிய தங்க நிறம், பூ வாசனை, இளசான ஒரு துவர்ப்பு. இரண்டாவது பருவத்தில் நிறம் செம்புக்கு மாறி, மஸ்கட் திராட்சை வாசனை என்று புகழ்கிறார்களே, அந்தப் பழக்கனிவு வரும். முதல் பருவத்தைப் போடும்போது 90 டிகிரிக்கு மேல் போகாமல் 3 நிமிடத்தில் வடித்துவிடுவது நல்லது. கொதிநீரில் 5 நிமிடம் விட்டால் கொடுத்த காசு வீண்.

அதே இலையை அதனோடேயே ஒப்பிடவும் முடியும். 100 மில்லிக்கு 5 கிராம் ஊலாங் போட்டு 20, 30 விநாடியில் வடித்துவிடுங்கள். அதே இலையில் மறுபடி நீர் ஊற்றுங்கள், ஒவ்வொரு தடவையும் சில விநாடி கூட்டிக்கொண்டு. உருண்டையாகச் சுருண்டிருந்த இலை முதல் நீரில் பாதிதான் அவிழும். இரண்டாவதும் மூன்றாவதும்தான் உச்சம். ஐந்தாறு தடவை தாராளமாகத் தாங்கும். வடித்தவற்றைச் சின்னக் கோப்பைகளில் வரிசையாக வைத்துக்கொண்டு குடித்தால் பூ முன்னால் போய், வறுவல் பின்னால் வந்து, கடைசியில் வெறும் இனிப்பு மிஞ்சுவது தெரியும். சி.டி.சி. தூளில் இந்த வேலை நடக்காது, முதல் நீரிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடும்.

வாசனை ஏற்றிய டீக்களுக்கு ஒரு வார்த்தை. மல்லிகை டீயில் நல்ல ரகம் என்றால் தேயிலையைப் புதுப் பூக்களோடு சேர்த்துக் கிடத்தி, வாசனை ஏறியதும் பூவை நீக்கி, மறுபடி புதுப் பூ சேர்த்து என்று பல முறை செய்ததாக இருக்கும். ஏர்ல் கிரேயில் பெர்கமாட் என்ற நாரத்தை இனப் பழத்தோலின் எண்ணெய். லாப்சாங் சூச்சோங்கில் பைன் மரப் புகை. இவற்றை மற்ற டீக்களோடு ஒரே வேளையில் ஒப்பிட வேண்டாம், எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கடைசியாகக் குடியுங்கள்.

தண்ணீர், பால், எலுமிச்சை

கோப்பையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். கால்சியம் மிகுந்த கடினநீரில் டீ மங்கும், வாசனை அமுங்கும், மேலே எண்ணெய் போல ஓர் ஏடு படியும். அந்த ஏடு கால்சியமும் பாலிஃபினால்களும் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை. அதற்காக உப்பே இல்லாத வாலைவடிநீருக்கு ஓடவும் வேண்டாம், அதில் டீ தட்டையாக இருக்கும். குடிக்க ருசியாக இருக்கிற, அதிகக் கடினமில்லாத தண்ணீர் போதும். ஒரே இலையை இரண்டு விதத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது தனி ஒப்பீடு. சில வீடுகளில் இலையை மாற்றுவதைவிடத் தண்ணீரை மாற்றுவதுதான் அதிகப் பலன் தரும்.

பால் சேர்ப்பதைக் குற்றம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாலிலிருக்கும் கேசின் என்ற புரதம் பாலிஃபினால்களைப் பிடித்துக்கொள்வதால், அவை நம் எச்சிலை விட்டுவிடுகின்றன, துவர்ப்பு தணிகிறது. அஸ்ஸாம் சி.டி.சி. போன்ற கனத்த டீ அதைத் தாங்கும் என்பதோடு, பால் சேர்ந்த பிறகுதான் அதன் மால்ட் வாசனை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின் வாசனை, உருண்டு வரும். வெள்ளி ஊசியில் பால் ஊற்றினால் பால்தான் தெரியும். பாலோடும் பாலில்லாமலும் ஒரே டீயை இரண்டு கோப்பையில் வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். எலுமிச்சை பிழிந்ததும் பிளாக் டீயின் நிறம் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீர்த்துப்போகவில்லை, அமிலம் பட்டதும் தியாரூபிஜினின் நிறம் மாறுகிறது.

நிறத்தை வைத்துக் கஃபீனையும் கணக்கிட வேண்டாம். இளம் மொட்டுகளில் கஃபீன் அதிகம் என்பதால் வெளிறிய வெள்ளி ஊசி ஒன்றும் சாது இல்லை. முதலில் ஊற்றிய நீரை அரை நிமிடத்தில் கொட்டிவிட்டால் கஃபீன் போய்விடும் என்பதும் சரியில்லை, போவது ஒரு பகுதிதான். இரவில் குடிக்க வேண்டுமானால் குளிர்நீரில் ஊறவைத்துப் பாருங்கள்: 1 லிட்டர் நீருக்கு 10 கிராம் இலை, குளிர்பெட்டியில் 6 முதல் 8 மணி நேரம். கஃபீன் ஓரளவு குறைவாக இறங்கும், கசப்பு ஏறக்குறைய இருக்காது. ஊலாங்கும் ஜப்பானியக் கிரீன் டீயும் இதற்குப் பொருத்தம்.

வாங்கும்போது கொஞ்சமாக, 25 அல்லது 50 கிராமாக வாங்குங்கள். காற்று, வெளிச்சம், ஈரம், பக்கத்து வாசனை நான்கும் தேயிலைக்கு எதிரி. மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு மாதத்தில் மசாலா டீதான். கிரீன் டீயைச் சில மாதங்களுக்குள் முடித்துவிட வேண்டும். பிளாக் டீ ஓராண்டு தாங்கும். பூ-அருக்கு மட்டும் காற்றோட்டம் வேண்டும்.

சரி, நாக்கு பழகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உணவுச் சோதனைக்கூடங்களில் முக்கோணச் சோதனை என்று ஒன்று செய்கிறார்கள், அதை வீட்டில் செய்யலாம். கூட இருக்கிற ஒருவரிடம் சொல்லி, நீங்கள் பார்க்காதபோது மூன்று கோப்பை நிரப்பச் சொல்லுங்கள். இரண்டில் ஒரே டீ, ஒன்றில் வேறு டீ. எது வேறு என்று நீங்கள் சொல்ல வேண்டும். நிறம் காட்டிக்கொடுக்கும் என்றால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வந்துவிடும் என்பதால், ஒரு தடவை ஜெயித்ததை நம்ப வேண்டாம். கோப்பைகளை இடம் மாற்றி மாற்றி ஆறு தடவையாவது வைக்கச் சொல்லுங்கள். ஆறில் ஐந்து சரி என்றால் வித்தியாசம் உங்களுக்கு உண்மையிலேயே தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்றுதான் சரி என்றால், அந்த இரண்டு டீயில் விலை குறைந்ததை வாங்கிக்கொள்ளுங்கள்.